விருந்தாளிகளுக்குக் காட்டாத மேல் வரிசை

அக்டோபர் 16, வியாழன்

அன்புள்ள நீவெஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அத்தை எர்சீலியாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே மழையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் ஹாமிஷும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இப்போது கொடி தளிர்க்கும் நேரம், இங்கே இத்தாலியில் இலை சிவந்து விழுகிறது, மூன்று வருடமாகியும் இந்தத் தலைகீழ் எனக்குப் பழகவில்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ அப்பாவிடம் கொடு என்பாய், அவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். இந்த முறை அப்படி முடியக்கூடாது. ஹாமிஷின் அப்பாவும் அம்மாவும் நேற்றுக் காலை ரோமுக்கு ரயிலேறிவிட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி அங்கே வந்து சேருவார்கள். அதற்கு முன்பே இது உன் கைக்கு வந்தாக வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். ஏன் இத்தனை அவசரம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், இடையில் நானே குழம்பினால் பொறுத்துக்கொள்.

ஆகஸ்டில் நீ கேட்டது சின்ன விஷயம்தான். அவர்கள் மூன்று நாள் நம் வீட்டில் தங்குவார்கள், லாங்கே மலைகளில் நல்ல இடமாக நான்கைந்து பார்த்துக் காட்டு அம்மா, நான் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவள் என்று தெரியட்டும் என்றாய். அதே மூச்சில், அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், புனித மார்ட்டின் நாளுக்குள் எங்கள் முடிவைச் சொல்கிறோம் என்றும் சொன்னாய். நவம்பர் பதினொன்றுக்குள் நீங்கள் இருவரும் வந்து நம் திராட்சைத் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறீர்களா, அல்லது அப்பா அதைப் பக்கத்துத் தோட்டத்து செக்கோந்தோவுக்குப் பதினைந்து வருடக் குத்தகைக்கு விட்டுவிடுவதா என்பது முடிவாக வேண்டும், அவரால் தனியாக இனி முடியாது என்பது உனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் நீ சொன்னதிலிருந்துதான் எனக்குக் குழப்பம். அதன் பிறகு எந்த இடமும் வெறும் இடமாகத் தெரியவில்லை. அழகானதைக் காட்டினால் உன்னை இழுக்கிறேன், சாதாரணமானதைக் காட்டினால் அங்கேயே இரு என்று தள்ளுகிறேன். எது செய்ய எனக்கு ஆசை என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நீ பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள் உன் புகைப்படத்தைப் பார்க்கும்போது, இந்தப் பெண் இப்படிச் சிரித்து நாம் இங்கே பார்த்ததில்லையே, எதற்காகக் கூப்பிடுவது என்றும் தோன்றுகிறது.

பட்டியல் போடலாம் என்று மேசையில் காகிதத்தை வைத்ததுதான் தப்பு. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதில் கை வைத்தார்கள். அப்பா முதல் வரியிலேயே லா மொர்ரா காட்சி மேடை, பார்பரெஸ்கோ கோபுரம், செர்ரலுங்கா கோட்டை என்று மூன்றையும் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று, போதும் என்று பேனாவை மூடிவிட்டார். செக்கோந்தோ அதை எட்டிப் பார்த்து, "லா மொர்ராவுக்கா? அங்கேருந்து பார்த்தா நம்ம மலைதான் தெரியும். நம்ம மலையப் பார்க்க அடுத்தவன் ஊருக்குப் போய் அவன்கிட்ட காபி வாங்கிக் குடிக்கணுமா?" என்றார். நாயுடன் ட்ரஃபிள் காளான் தேடப் போகிற இடமாவது காட்டேன் என்று அவரைக் கேட்டேன். முகம் அப்படியே மூடிக்கொண்டது. "காட்டறேனே டாக்டரம்மா. ஆனா கண்ணக் கட்டித்தான் கூட்டிட்டுப் போவேன், திரும்பி வர்றப்போ சுத்தி விட்டுருவேன்" என்றார். நான் மண்ணியலில் பட்டம் வாங்கி இருபத்தாறு வருடமாகிறது, இன்னும் அந்தக் கிண்டலை விடவில்லை. அத்தை எர்சீலியாவுக்கு இடமே ஒரு பொருட்டில்லை. "அண்ணி, கோட்டையை யாராவது சாப்பிடுவாங்களா? எங்க சாப்பிட வைக்கறீங்கன்னு சொல்லுங்க, அதுக்கு நடுவுல கோட்டை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, கோட்டைகளுக்கு இடையே உணவுக்கடைகளின் பெயராக எழுதித் தள்ளினாள். பூண்டும் நெத்திலியும் எண்ணெயில் கொதிக்கிற சட்டியை மட்டும் சம்பந்தி ஆகப்போகிறவர்கள் முன்னால் வைத்துவிடாதீர்கள், கல்யாணம் முடிந்தபிறகு வைக்கலாம் என்று எச்சரிக்கையும் கொடுத்தாள். நான்காம் நாள் அந்தக் காகிதத்தில் பதினேழு இடங்கள் இருந்தன. அதில் ஒன்றாவது நீ ஓடி விளையாடிய இடமா என்று பார்த்தேன். இல்லை. எல்லாம் நின்று பார்க்கிற இடங்கள், யாரும் இருந்து வேலை செய்கிற இடங்கள் அல்ல. காட்சி என்பது அந்த மண்ணைக் கொத்த வேண்டியிராதவர்களுக்குத்தான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம், உனக்குத் தெரியுமே, அஞ்சல் அட்டை விற்கிற கடையை நான் நின்று பார்த்ததே இல்லை.

அதனால் நம் தோட்டத்திலேயே ஒரு நல்ல இடம் தேடலாம் என்று, அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அறுவடை முடிந்த மறுநாள், நான் தனியாக மேல் வரிசைக்கு ஏறினேன். வசந்தத்திலிருந்து நான் அங்கே போகவில்லை. மற்றவர்களுடைய சரிவுகளை அளந்து நகராட்சிக்கு அறிக்கை எழுதுவதே என் வேலை, நம் சரிவுக்கு நேரமில்லை. முன்பு நம் ஓக் தோப்பு இருந்த இடத்தில் மூன்று வருடத்துக்கு முன் அப்பா நட்ட புது நெப்பியோலோ திராட்சை வரிசைகள் இருக்கின்றன அல்லவா, அதற்குக் கொஞ்சம் கீழே புல்லுக்குள் என் கால் இறங்கியது. புல்லை விலக்கிப் பார்த்தால் வெடிப்பு. சரிவுக்குக் குறுக்காக, பிறை போல வளைந்து ஓடுகிறது. கீழ்ப்பக்க விளிம்பு மேல்பக்கத்தைவிட இரண்டு விரல்கடை தாழ்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வரை பன்னிரண்டு மீட்டர். நீ படித்தவள்தான், நான் பாடம் எடுக்கப் போவதில்லை. நம் மலையில் களிமண்ணும் மணலும் ஓடு வேய்ந்ததைப் போல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன, மேலே மரங்கள் நின்று தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும் வரை ஓடுகள் அசையாது. கோடையில் வறண்டு வெடிக்கிற வெடிப்பு கண்டபடி போகும், வலைபோல் கிளைக்கும். இது அப்படி இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். "காய்ஞ்ச வெடிப்பு. ரெண்டு மழை பெய்ஞ்சா மூடிக்கும்" என்றார். மூடாது என்றேன். "ஓர்னெல்லா, உனக்கு எந்த மலையப் பார்த்தாலும் அது சரியற மாதிரிதான் தெரியும். வைத்தியரைக் கல்யாணம் பண்ணவன் தும்மக் கூடாதுங்கற கதை" என்றார். சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக வருந்தினேன். அவர் அடுத்து சொன்னதுதான் என் மனதில் நின்றுவிட்டது. "விருந்தாளிங்க வர்றப்போ மேல கூட்டிட்டுப் போகாதே. அவங்க போய் அதையே சொன்னா நீவெஸ் எப்படி வருவா?" என்றார். அப்போதுதான் அவர் எவ்வளவு ஆசையாக இருக்கிறார் என்று தெரிந்தது. உனக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் மேலே போகும் பாதைக்குக் குறுக்கே டிரெய்லரை நிறுத்திவைத்திருந்தார், அதன் மேல் காலிக் கூடைகளை அடுக்கி. வெடிப்பின் இரு பக்கமும் ஆணி அடித்த இரண்டு முளைக்குச்சிகளை மட்டும் ஊன்றி, இடைவெளியை அளந்து வைத்தேன். அதைக்கூட அவர் பார்க்காத நேரத்தில்தான் செய்தேன். இந்த இடத்தில் நான் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தோப்பை வெட்டும் முன் அப்பா என்னைக் கேட்டார். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன், அலுவலகத்தில் சொல்கிற குரலில், இது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்பதுபோல. அவர், எல்லாரும் உச்சி வரை நட்டுவிட்டார்கள் என்றார். நான் இரண்டாம் தரம் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும். நான் சண்டை போடுகிறவள் இல்லை என்பதை இத்தனை வருடம் ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

விருந்தாளிகள் வந்தார்கள், நல்ல மனிதர்கள். மொய்ராவுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிக்கிறது, கிரெயிக் அதிகம் பேசுவதில்லை, பெரிய கைகள், சாப்பாட்டு மேசையில் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொள்கிறார். என் பல்கலைக்கழக ஆங்கிலம் மூச்சு வாங்கினாலும் ஓடியது. முதல் நாள் லா மொர்ரா மேடையில் மூடுபனி, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அப்பா விடவில்லை. மேடை விளிம்பில் நின்று வெள்ளையைக் காட்டி, "அது பரோலோ. அதுக்கு இடப்பக்கம் காஸ்திலியோனே. அங்க கோட்டை தெரியுதா, அது செர்ரலுங்கா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். மொய்ரா ஒவ்வொரு பேருக்கும் ஒரு படம் எடுத்தாள், எல்லாம் ஒரே படம். இரண்டாம் நாள் பார்பரெஸ்கோ கோபுரத்தில் ஏறினோம், வானம் தெளிவாக இருந்தது, கீழே ஆறு பளபளத்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கிரெயிக் ஆற்றைப் பார்க்கவில்லை, எதிர்ச் சரிவில் ஓரிடத்தில் மண் வழிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது என்ன என்று கேட்டார். பழையது என்றேன். எவ்வளவு பழையது என்றார். போன வசந்தம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் செர்ரலுங்காவுக்குக் கிளம்பும் முன் காலை உணவின்போது, கோட்டைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, ரொம்ப நன்றி, ஆனால் "நாங்க உங்க தோட்டத்தைப் பார்க்கணும். பையன் எங்க வந்து வேலை செய்யப் போறான்னு தெரியணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டார். நான் அதை மொழிபெயர்ப்பதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

கீழ் வரிசைகள் எல்லாவற்றையும் காட்டினார். பாதாள அறை, புதுப் பீப்பாய்கள், நுரைத்துக்கொண்டிருக்கிற சாறு, எல்லாம். கிரெயிக் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், பிறகு மேலே கையைக் காட்டினார். வழி இல்லை, டிரெய்லர் பழுது என்றார் அப்பா. நானும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், நீவெஸ், சொன்னேன். கிரெயிக் டிரெய்லர் வரை நடந்து போய், அதன் சக்கரத்தை ஒரு முறை பார்த்து, அதைச் சுற்றிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஏற ஆரம்பித்துவிட்டார். அறுபத்து நான்கு வயது. அப்பாவால் கூடவே ஏற முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வெடிப்பின் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, கையை உள்ளே மணிக்கட்டு வரை விட்டிருந்தார். என் முளைக்குச்சிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா மூச்சிரைக்க வந்ததும், கிரெயிக் மேலே புது வரிசைகளைக் காட்டி, கோடரி வெட்டுவதுபோலக் கையால் காட்டினார். எப்போது வெட்டினீர்கள் என்கிறார், யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அப்பா மூன்று விரலைக் காட்டினார். பிறகு என்னிடம், "எல்லாரும் வெட்டினாங்கன்னு சொல்லு அவர்கிட்ட" என்றார். சொன்னேன். பின்னால் வந்து சேர்ந்த மொய்ரா, "எங்க மாமனாரும் இதையேதான் சொன்னார். எல்லாரும் வெட்டினாங்கன்னு. அந்த வருஷம் ஒரே மழையில வேலியும் முப்பது ஆடும் ஓடைக்குப் போயிடுச்சு" என்றாள். கிரெயிக், அதற்குப் பிறகு தாங்கள் சரிவு முழுக்கப் பாப்ளர் மரக் கம்புகளை நட்டதாகவும், வேர் பிடிக்க ஐந்து வருடம் ஆனதாகவும், சில இடங்களில் மண் நின்றது, சில இடங்களில் நிற்கவில்லை என்றும் சொன்னார். நிற்கும் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இறங்கி வரும்போது மொய்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். பிறகு கிரெயிக் தன் போக்கில், "இது உங்க வீட்டு விஷயம். நாங்களா வாயைத் திறக்க மாட்டோம். ஆனா பையன் நேரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார். மிரட்டல் இல்லை, தன்னைப் பற்றி முன்கூட்டிச் சொல்லிவைத்தார், அவ்வளவுதான். ஹாமிஷ் கேட்பான். எந்த மகன்தான் கேட்க மாட்டான். அவனிடமிருந்து நீ தெரிந்துகொண்டால், உன் பெற்றோர் உன்னிடம் மறைத்த ஒன்றை உன் வருங்கால மாமனார் வழியாகக் கேட்பாய். அதற்குப் பிறகு நீ வந்தாலும் வராவிட்டாலும் அது நம் நடுவில் இருக்கும். எனக்கு நிச்சயமாகத் தெரிவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் குழப்பம். இந்தச் சரிவு நாளைக்கே போகலாம், முப்பது வருடம் இப்படியே நிற்கலாம், என் படிப்பு இதற்கு மேல் சொல்லாது. மேலே ஆறு வரிசையைப் பிடுங்கிவிட்டு மரம் வைக்க வேண்டும் என்பது என் கருத்து, அப்படிச் செய்தால் இருவருக்குச் சாப்பாடு போடுமா என்று எனக்குத் தெரியவில்லை. செக்கோந்தோவுக்கு விட்டால் அவர் பாட்டன் வழியில் உழுவார், அவருக்கும் சொல்லியாக வேண்டும், சொன்னால் எடுப்பாரா என்பதும் தெரியவில்லை. இதை எழுதுவது உன்னை வராதே என்று சொல்வதற்காகவா என்று மூன்று முறை நிறுத்தி என்னைக் கேட்டுக்கொண்டேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். வா என்று சொல்வதற்காகவும் இல்லை.

இதுவரை எழுதி மேசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருந்தார். நான் ஒளித்து வைக்கவில்லை. அவர் முழுவதும் படித்து முடித்து, தாள்களை அடுக்கி வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். "பன்னெண்டு இல்ல" என்றார். என்ன என்றேன். "வெடிப்பு பன்னெண்டு மீட்டர்னு எழுதியிருக்கே. முப்பத்தொண்ணு. கல் தூணிலிருந்து வாதுமை மரம் வரைக்கும். மிச்சத்தை நான் மண்ணப் போட்டு மூடி மேலே புல் விதைச்சுட்டேன். மார்ச்ல ஒரு தரம், ஜூன்ல ஒரு தரம், சின்ன டிராக்டர்ல. நீ பார்த்தது மூட முடியாம விட்டது" என்றார். மார்ச்சிலிருந்து அவர் தனியாக அங்கே போய் மண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நான் கீழே உட்கார்ந்து மற்றவர்கள் சரிவுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கடிதத்தை நிறுத்தச் சொல்வீர்களா என்று கேட்டேன். "தப்பான கணக்கோட அனுப்பாதேன்னுதான் சொல்றேன். சரியானதப் போடு. அவ முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மேல் பாதையிலிருந்து டிரெய்லரை இழுத்துப் போகிற சத்தம் கேட்டது. நான் மேலே எழுதியதைத் திருத்தவில்லை, அது நான் கண்டது. முப்பத்தொன்று என்பது அவர் சொன்னது, அதுதான் உண்மை, அதையே கணக்கில் வைத்துக்கொள்.

புனித மார்ட்டின் நாளுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அவசரப்படாதே, ஹாமிஷுடன் உட்கார்ந்து படித்துவிட்டுப் பேசு, அவனிடம் எதையும் குறைத்துச் சொல்லாதே. நீ என்ன முடிவெடுத்தாலும் அது எங்களுக்குச் சம்மதம், அது நீ எங்கள் மேல் வைத்த பாசத்துக்கு அளவுகோல் ஆகாது. எங்கே இருந்தாலும் நல்ல மனதுடனும் நல்ல உடம்புடனும் நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பல் டாக்டரிடம் போவதாகப் போன வருடம் சொன்னாய், இன்னும் போகவில்லை என்று மொய்ரா சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்த வாரமே போ.

அன்புடன்,
உன் அம்மா ஓர்னெல்லா

நான் படித்தேன். எல்லாம் சரி. கிரெயிக்கிடம் அந்தக் கம்பு எத்தனை மீட்டர் இடைவெளியில் நட்டார்கள் என்று கேட்டு எழுது. அப்பா.